வருகைப் பதிவேட்டை யார் விவாதிப்பது? தங்கவயல் மாணவர் பேரவைகளின் முன்னுள்ள கேள்வி

1930ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டத்தை மூட்டியது விரல்ரேகைப் பதிவு. ஒவ்வொரு தொழிலாளியின் விரல்ரேகையையும் கட்டாயமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. தம்மைக் கேளாமல் தம்மேல் திணிக்கப்பட்ட அந்தப் பதிவேட்டை வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பாறையைக் குடைந்த அம்மக்கள் ஏற்க மறுத்தனர்.

அவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அதே ஊரின் உயர்நிலைப் பள்ளிகளில் வேறொரு பதிவேட்டின் முன் நிற்கின்றனர். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மாணவரின் முகத்தைக் கருவியால் அடையாளங்கண்டு வருகையைப் பதியும் 'நிரந்தர' திட்டத்தைக் கர்நாடக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பிள்ளை வந்தானா இல்லையா என்பதை இனிக் கருவி சொல்லிவிடும். ஏன் வரவில்லை என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அக்கேள்விக்குத் தங்கவயலில் விடை தேட அதிகம் அலைய வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சுரங்கம் போனபின் ஊருக்குள் வேலை இல்லை. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்காலை ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பங்காரப்பேட்டை வழியே பெங்களூருவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று இரவில்தான் வீடு திரும்புகின்றனர். தாயும் தந்தையும் அந்த ரயிலில் போய்விட்டால், தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாளில் வீட்டில் இருக்க வேண்டியவள் எட்டாம் வகுப்பு படிக்கும் அக்காள். குழாயில் தண்ணீர் வரும் நாளும், காற்றடி காலத்தில் சயனைடு மேடுகளின் தூசியால் மூச்சிரைக்கும் நாளும் பள்ளிக்குப் போகாத நாள்களே. பதிவேட்டில் இவை யாவற்றுக்கும் ஒரே குறிதான்: வரவில்லை.

வருகைக் குறைவுக்கு அடுத்த படி, அதே வகுப்பில் நிறுத்திவைத்தல். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. மோடி அரசு 2019இல் அப்பிரிவைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்கும் வாயிலைத் திறந்தது. 2024 டிசம்பரில் விதிகளையும் வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்போ தொடக்கம் முதலே அச்சட்டத்தின் காவலுக்கு வெளியே நிற்கிறது.

கர்நாடகத்தில் ஆட்சியில் இருக்கும் காங்கிரசும் இதில் வேறு வழி செல்லவில்லை. 2023 அக்டோபரில் அது 5, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வாரியத் தேர்வை அறிவித்தது. 2024 மார்ச் 6 அன்று உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதனை ரத்து செய்தார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. மார்ச் 11 அன்று தேர்வு தொடங்கியது. மார்ச் 12 அன்று உச்சநீதிமன்றம் குறுக்கிட்டது. மார்ச் 22 அன்று உயர்நீதிமன்றம் தேர்வை மீண்டும் அனுமதித்தது. ஏப்ரல் 8 அன்று முடிவுகளை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. பாதித் தேர்வு எழுதிய பிள்ளைகள் அடுத்த தாள் உண்டா என்று தெரியாமல் தவித்தனர். வாதிட்டவர்கள் அரசும் தனியார் பள்ளி நிர்வாகங்களின் சங்கங்களும். தேர்வெழுதிய பிள்ளைகளின் குரலை எவரும் கேட்கவில்லை.

"எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்ததால்தான் கல்வி கெட்டது" என்கின்றனர் சிலர். அவர்களுள் நேர்மையான ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். அச்சட்டம் தேர்ச்சியை மட்டும் சொல்லவில்லை. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆண்டு முழுவதும் தொடர் மதிப்பீடு என்றும் சொன்னது. செலவு பிடிக்கும் கடமைகளை அரசுகள் தட்டிக்கழித்தன. செலவில்லாத தேர்ச்சியை மட்டும் நடைமுறைப்படுத்தின. இப்போது பிள்ளை படிக்கவில்லை என்று பிள்ளையையே தண்டிக்கின்றன. ஆசிரியரே இல்லாத வகுப்பில் ஒரு மாணவியை இன்னோர் ஆண்டு உட்கார வைத்தால் அவள் எதைக் கற்பாள்? நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளை திரும்பவும் அதே வகுப்புக்கு வராமல் அந்த விடியற்காலை ரயிலில் ஏறுவதுதான் நடக்கும். மலிவான கூலி தேடும் முதலாளிக்கு இதனால் நட்டமில்லை.

கர்நாடகப் பள்ளிகள் பலவற்றில் 'ஷாலா சம்சத்' என்னும் மாணவர் நாடாளுமன்றம் அமைக்கப்படுகிறது. பிரதமர் உண்டு, உணவு அமைச்சர் உண்டு, தூய்மை அமைச்சரும் உண்டு. ஆனால் வருகை விதியும் நிறுத்திவைக்கும் முடிவும் அவர்களின் விவாதத்துக்கு வருவதில்லை. வகுப்பில் சத்தம் போட்டவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதோடு அந்த அமைச்சரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் குழந்தைகளின் உரிமையை ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு உறுதி செய்கிறது. இந்தியா 1992இலேயே அதனை ஏற்றது. மைய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகளும் பள்ளி மேலாண்மைக் குழுவில் மாணவருக்கு இடமளிக்க வழிவகுத்தன. ஏட்டில் உள்ளது நாட்டில் இல்லை.

கல்லூரியிலும் இதே நிலைதான். கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முடக்கப்பட்டுள்ளன. தேர்தல் வேண்டும் என்ற லிங்டோ குழுவே 2006இல், போட்டியிடுவோர்க்குக் குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றது. பகுதிநேர வேலைக்குச் சென்று படிக்கும் மாணவர், வருகை விதியின் கொடுமையைப் பேச வேண்டியவர், அதே விதியால் வேட்பாளராகவே தகுதி இழக்கிறார்.

எனவே தங்கவயல் தோழர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பள்ளி மாணவர் பேரவை இரகசிய வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். வருகை, தண்டனை, நிறுத்திவைத்தல் பற்றிய எந்த விதியும் அப்பேரவையில் விவாதிக்கப்பட்ட பின்னரே மேலாண்மைக் குழுவுக்குச் செல்ல வேண்டும். வருகை குறைந்த மாணவரின் காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும். முகப்பதிவுத் திட்டம் கைவிடப்பட வேண்டும். காலி ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கலாகாது.

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உரிகத்திலும் நம் தோழர்கள் பலர் பெற்றோராக இருக்கின்றனர். மேலாண்மைக் குழுவின் முக்கால் பங்கு இடங்கள் பெற்றோருக்கு உரியவை. அக்கூட்டங்களுக்குச் சென்று, வராத பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதே முதற்பணி. அங்கே கேட்ட காரணங்களை மாணவர் பேரவையின் முன் வைப்பது அடுத்த பணி. விரல்ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற ஊரில், அதனைச் செய்து முடிக்க ஆள்கள் இல்லாமற் போகமாட்டார்கள்.