சீவாளி தேடி வந்த சாக்ஸபோன்

பெயருக்காக அல்ல, பாடம் கேட்பதற்காகவே நாடு விட்டு நாடு போனவர் சார்லி மரியானோ. அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம், பெற்றதும் குறைவல்ல.

ஜாஸ் இசைத்தட்டுகள் விற்கும் கடையில் சார்லி மரியானோவின் பெயரைத் தேடுவது சற்றுச் சிரமமான காரியம். அவரது வாசிப்பு கடை முழுவதும் இருக்கும். உறையின் முகப்பில் மட்டும் பெரும்பாலும் வேறொருவர் பெயர் இருக்கும். ஸ்டான் கென்ட்டன், சார்லஸ் மிங்கஸ், எபர்ஹார்ட் வேபர், ரபி அபூ கலீல் என்று அந்தப் பட்டியல் நீளும். பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாக 1923-ல் பிறந்த மரியானோ, 2009 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் 85-வது வயதில் காலமானார். ஆல்டோ சாக்ஸபோன், சொப்ரானோ சாக்ஸபோன், புல்லாங்குழல் ஆகியவற்றோடு, அமெரிக்க ஜாஸ் கலைஞர் எவரும் பொதுவாகத் தொடாத ஒரு துளைக்கருவியையும் அவர் வாசித்தார். அது நாதஸ்வரம்.

அவர் வளர்ந்த காலம் ஆல்டோ கலைஞர்களுக்குச் சோதனையான காலம். 1940களில் சார்லி பார்க்கர் என்ற மேதை வந்து ஜாஸின் இலக்கணத்தையே மாற்றிவிட்டார். மின்னல் வேகம், எதிர்பாராத திருப்பம், ஒவ்வொரு சுற்றிலும் புதிய கற்பனை. பிறகு வந்த ஆல்டோ கலைஞர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ இசைக்குழுவில் இருந்த மரியானோவும் விலக்கல்ல. பார்க்கரைப் போல வாசிக்கக் கற்பது கடினம். கற்ற பின் அதிலிருந்து வெளியேறுவது அதைவிடக் கடினம். மனோதர்மமே உயிர் என்று சொல்லும் ஒரு கலையில், அடுத்தவர் மனோதர்மத்தை ஒப்பிப்பதில் என்ன பெருமை?

வெளியேறும் வழி உடனே கிடைக்கவில்லை. 1953 முதல் கென்ட்டனின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். அந்தக் குழுவில் ஸ்வரங்கள் பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்டவை. தனி வாசிப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். 1959-ல் ஜப்பானிய பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்தார். இருவரும் சேர்ந்து குழு நடத்தினார்கள், ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் அந்த மணவாழ்க்கை முடிவுக்கு வந்தது.

திருப்பம் 1963-ல் வந்தது. மிங்கஸ் தமது ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்ற நீண்ட படைப்பை 11 பேர் கொண்ட குழுவோடு பதிவு செய்தார். குழுவின் பதிவு முடிந்த பிறகு மரியானோவை மறுபடி அழைத்து, ஏற்கெனவே பதிவான இசையின் மீது அவரது ஆல்டோவைத் தனியாக வாசிக்க வைத்துச் சேர்த்தார். அன்றைய ஜாஸில் இது அரிதான முறை. அந்த வாசிப்பில் வேகத்தைக் காட்டும் ஆசையே இல்லை. ஒரே ஸ்வரத்தை இழுத்து, வளைத்து, அழுகைக்கும் முறையீட்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்துகிறார். பார்க்கரின் நிழல் விலகிய இடம் இதுதான். தனிக்குரல் கிடைத்தபோது மரியானோவுக்கு வயது 39. இருந்தும் ஜாஸ் வரலாற்றில் அந்த இசைத்தட்டு மிங்கஸின் சாதனையாகவே நிலைத்திருக்கிறது. அது நியாயமும்கூட.

பிறகு பாஸ்டனில் பர்க்லி இசைப் பள்ளியில் ஆசிரியரானார். 1960களின் பிற்பகுதியில், வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தருவதற்காகக் கோலாலம்பூர் சென்றார். போனது கற்றுக்கொடுக்க, நடந்தது வேறு. மலேசியத் தமிழர்களின் கோயில்களிலும் திருமணங்களிலும் ஒலிக்கும் நாதஸ்வரம் அவர் காதில் விழுந்தது. நாற்பதைத் தாண்டிய ஆசிரியர், அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் மாணவரானார். 1970களில் தென்னிந்தியாவுக்கே வந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

சாக்ஸபோன் வாசிப்பவருக்கு நாதஸ்வரம் சுலபம் என்று எண்ணத் தோன்றும். இரண்டும் ஊதும் கருவிதானே? உண்மையில் இவரது பழைய பயிற்சி பாதி இடங்களில் இடைஞ்சல்தான். சாக்ஸபோனில் ஒற்றை நாணல் பட்டை; ஸ்வரங்களைத் திறக்கவும் மூடவும் உலோகச் சாவிகள். ஒரு சாவியை அழுத்தினால் ஏறத்தாழ குறித்த ஸ்வரம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் சாவியே கிடையாது. விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழ்ப்பகுதியில் உள்ள மற்றத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். வாயில் வைக்கும் சீவாளி இரட்டை நாணல். உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் மயிரிழை மாறினாலும் ஸ்வரம் நழுவிவிடும். ஆனால் அந்த நழுவலில்தான் கமகம் இருக்கிறது. மேற்கத்தியப் பயிற்சி ஸ்வரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்தச் சொல்கிறது. நாதஸ்வரம் அதை அசைக்கச் சொல்கிறது. மிங்கஸுக்காக ஸ்வரத்தை வளைத்த மனிதருக்கு, வளைப்பதையே இலக்கணமாக வைத்திருக்கும் ஒரு கருவி கிடைத்தது.

1970களின் தொடக்கத்தில் பர்க்லி வேலையை விட்டு ஐரோப்பா சென்றார். அமெரிக்காவில் ராக் இசையின் அலையில் ஜாஸ் ஒதுங்கிக் கிடந்த நேரம் அது. மாதச் சம்பளத்தைத் துறந்து, கச்சேரிக்குக் கச்சேரி ஊதியம் வாங்கும் வாழ்க்கையை ஐம்பதை நெருங்கும் வயதில் ஏற்பது எளிதல்ல. ஜெர்மனியில் ஒரு வசதி இருந்தது. அங்கு பொது வானொலி நிலையங்கள் ஜாஸுக்கு இடம் கொடுத்தன. 1975-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக உருவான யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள் குழுவில் மரியானோ இடம்பெற்றார். குழுவின் முதல் இசைத்தட்டு 1977-ல் வெளிவந்தபோது, அதை வெளியிட்டது பெரிய நிறுவனம் எதுவும் அல்ல. குழுவைச் சேர்ந்தவர்களே தொடங்கிய ‘மூட்’ என்ற சிறு நிறுவனம். ஜெர்மனியில் மிக அதிகம் விற்ற ஜாஸ் தட்டுகளில் ஒன்றாக அது ஆனது.

நாதஸ்வரமும் பதிவுகளில் ஏறியது. எபர்ஹார்ட் வேபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ (1975) தட்டில் சொப்ரானோ சாக்ஸபோனோடு ஷெனாயும் நாதஸ்வரமும் வாசித்தார். 1976-ல் தமது பெயரிலேயே வந்த ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டிலும் நாதஸ்வரம் உண்டு. தஞ்சாவூர் பாணியில் ஊறிய காதுகளுக்கு இவை பெரிய திருப்தி தரமாட்டா. ராகத்தின் விரிவு இல்லை, தவில் இல்லை. மின்சார பியானோவுக்கும் பாஸுக்கும் நடுவே கருவியின் நிறம் மட்டும் இருக்கிறது. மரியானோ நாதஸ்வர வித்வான் ஆகிவிட்டார் என்று சொல்வது மிகை.

அப்படியானால் அத்தனை உழைப்பும் எதற்கு? விடை 1983-ல் வந்த ‘ஜோதி’யில் இருக்கிறது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பர்க்கஷன் குழுவோடு இசிஎம் நிறுவனத்துக்காகச் செய்த பதிவு இது. ஆர்.ஏ. ராமமணியின் குரல், டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் ஆகியவை இருக்கின்றன. மரியானோ இதில் எடுத்தது நாதஸ்வரம் அல்ல, சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். ஐரோப்பியர்கள் நடுவே நாதஸ்வரம் வாசித்தவர், கர்நாடக இசைக் கலைஞர்கள் நடுவே தமது சொந்தக் கருவிக்குத் திரும்பினார். ராமமணியின் குரல் ஒரு பிடியைப் பாடினால் சாக்ஸபோன் அதை அலங்கரிக்க முந்துவதில்லை. கேட்டு, காத்திருந்து, பிறகு பதில் சொல்கிறது. தாளம் எங்கே வந்து விழும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. நாதஸ்வரத்திடமிருந்து அவர் கற்றது கருவியை அல்ல, காதை.

இந்த உறவு ஒரு தட்டோடு முடியவும் இல்லை. மணி, ராமமணி தம்பதியரோடு 1990களிலும் அவர் தொடர்ந்து வாசித்தார். லெபனானைச் சேர்ந்த ஊத் கலைஞர் ரபி அபூ கலீலின் ‘ப்ளூ கேமல்’ (1992) தட்டில் அரபு இசையோடும் அதே பொறுமையில் பேசினார். 1990களின் நடுவே புற்றுநோய் இருப்பது தெரிந்த பிறகும் ஏறத்தாழ 14 ஆண்டுகள் மேடை ஏறினார்.

இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. தட்சிண கன்னட மாவட்டத்தில் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். கமகம் பேச மறுத்த அந்தக் கருவியின் சாவிகளில் மாற்றங்கள் செய்து, கர்நாடக இசையை அதில் வாசிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1994-ல் ‘டூயட்’ படம் அவரது சாக்ஸபோனைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 2004-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019-ல் மறைந்தபோது அவர் பெயர் தெரியாத இசை ரசிகர் தென்னகத்தில் இல்லை. மேலைக் கருவியை நம் இசைக்குக் கொண்டுவந்தவரைச் சபாக்கள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். நம் கருவியைத் தேடி வந்தவரை இங்கு பலர் கேட்டதுகூட இல்லை. நாதஸ்வரத்துக்கே சபா மேடைகளில் போதிய இடம் இல்லாத ஊரில், அதைத் தேடி வந்தவரை யார் தேடப்போகிறார்கள்?

இன்று ஃப்யூஷன் என்ற பெயரில் கச்சேரிகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் விமான நிலையத்தில் அறிமுகம், மாலையில் ஒத்திகை, இரவில் ஜுகல்பந்தி. இரு தரப்பும் தமக்குத் தெரிந்ததை வேகமாக வாசிக்க, கடைசியில் ஒரு மோராவில் எல்லோரும் சந்திக்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. யாரும் யாரிடமும் எதையும் கற்றதாகத் தெரிவதில்லை. மரியானோ கோலாலம்பூரில் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்ததற்கும் ‘ஜோதி’க்கும் இடையே 15 ஆண்டு இடைவெளி. நிறுவனமோ விளம்பரமோ அந்தக் காலத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் கட்டுப்படாத கலைஞராக இருந்ததால், அவரே எடுத்துக்கொண்டார். சுயேச்சை என்பதற்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.