நம்ம ரீசார்ஜ் காசு எங்கே? சின்னவனுக்கு வரம்பு வை! பெரியவனிடம் வசூல் செய்! ஊருக்குக் கணக்குக் காட்டு!

உத்திரமேரூர் வட்டார விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

கொள்முதல் நிலையத்துல நெல் போடணும்னா ஆன்லைன்ல பதியணும். பி.எம். கிசான் பணத்துக்கு ஓ.டி.பி. வரணும். விவசாயி அடையாள எண் எடுக்கவும் ஓ.டி.பி. ரேஷன் கடையில கைரேகை மெஷினுக்கும் சிக்னல் வேணும். செல்போன் இன்றைக்கு ஆடம்பரம் அல்ல, மண்வெட்டி மாதிரி ஒரு விவசாயக் கருவி. ஆனால் ஏரிக்கரையைத் தாண்டினா பல ஊர்ல ஒரு கோடு கூட வர்றதில்ல. மாடியேறி நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சு, ஓ.டி.பி. வந்து சேரும்போது நேரம் முடிஞ்சுபோகுது. கேட்டால், "உங்க ஊர்ல ஆளு கம்மி, டவர் போட்டா கட்டுப்படியாகாது" என்று பதில் வருகிறது.

கட்டுப்படியாகாத ஊருக்கும் போன் போய்ச் சேரணும் என்பதற்காகவே இந்த நாட்டில் ஒரு நிதி இருக்கிறது. அது நம்ம காசு. இந்த விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கையின்படி, 2002 ஏப்ரல் 1 முதல் இந்த நிதி நடைமுறைக்கு வந்தது. 2003-ல் தந்திச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் 'டிஜிட்டல் பாரத் நிதி'. போன் கம்பெனி தன் வருமானத்தில் சில கழிவுகள் போக மீதியில் 8 சதவீதம் லைசென்ஸ் கட்டணம் கட்டணும். அதில் 5 சதவீதம் இந்த நிதிக்கு என்று விதி வைத்தார்கள். கட்டுவது கம்பெனி. ஆனால் காசு யாருடையது? நீங்க 300 ரூபாய்க்கு ரீசார்ஜ் போட்டால், ஜி.எஸ்.டி. போக மீதியில் சுமார் 12 ரூபாய் இந்தக் கணக்குக்குரியது. மாசா மாசம் அப்படிப் போடும் மூணு போன் உள்ள வீடு என்றால் வருஷத்துக்கு 400 ரூபாய்க்கு மேல். கூலிக்குப் போகும் அம்மாவின் போனிலிருந்தும் இந்தக் காசு போகிறது.

இப்படிச் சேர்ந்த காசில் பல்லாயிரம் கோடி செலவாகாமல் கிடக்கிறது. காரணம் என்ன? வசூலாகும் பணம் நேராக நிதிக்குப் போவதில்லை. முதலில் மத்திய அரசின் பொதுக் கஜானாவுக்குப் போகிறது. பாராளுமன்றம் ஒதுக்கினால்தான் நிதிக்கு வரும். வசூலான அளவுக்கு ஒதுக்கவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டியிருக்கிறார். ஒதுக்கிய பணத்திலும் வேலை ஆமை வேகம். ஊராட்சிக்கு ஊராட்சி ஃபைபர் கேபிள் இழுக்கும் திட்டத்துக்கு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தார்கள். பிறகு அதற்கு 'பாரத்நெட்' என்று பேர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் அந்த வேலைக்கு விட்ட டெண்டர், நிபந்தனைகள் சரியில்லை என்று 2020-ல் ரத்தாகி, மறுபடி டெண்டர் விட்டார்கள். காலம் போனது யாருக்கு? நமக்கு!

இதையே சாக்காக வைத்துப் பெரிய கம்பெனிகள் கேட்பது என்ன தெரியுமா? "நிதியில்தான் பணம் கிடக்கிறதே, அது தீரும்வரை 5 சதவீதத்தை நிறுத்துங்கள்" என்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கூட 2015-ல் 5-ஐ 3 ஆகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. நாம் கேட்கிறோம்: ஏரி தூர்வார ஒதுக்கிய பணத்தைச் செலவு பண்ணலேன்னா, ஏரி ஆழமா இருக்குன்னு அர்த்தமா? செலவாகாத பணம் வேலை நடக்காததற்குச் சாட்சி. தேவை தீர்ந்ததற்குச் சாட்சி அல்ல!

ஆகவே வசூலை நிறுத்தக் கூடாது. ஆனால் யாரிடம் வசூலிப்பது என்பதில் ஒரு நியாயம் வேணும்.

நம்ம பக்கம் கேபிள் டி.வி. நடத்தும் தம்பி, கூடவே இன்டர்நெட் லைனும் கொடுக்க நினைக்கிறார் என்று வையுங்கள். மாவட்ட அளவில் லைசென்ஸ் எடுத்து, கம்பம் கம்பமாக ஏறி லைன் இழுக்கணும். 2013-ல் வந்த ஒருங்கிணைந்த லைசென்ஸ் முறையில் அவருக்கும் அதே 8 சதவீதம், கோடிக்கணக்கான சந்தாதாரர் வைத்திருக்கும் கம்பெனிக்கும் அதே 8 சதவீதம். அவர் தனியாகக் கணக்கு எழுதணும், ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கணும், தவறினால் வட்டி, அபராதம். கடைசியில் அவர் டவுனோடு நின்றுவிடுவார். நம்ம கிராமத்துக்கு வரமாட்டார். கிராமத்துக்குச் சேவை போகணும்னு வசூலிக்கும் காசே, கிராமத்துக்கு வரக்கூடிய ஆளைத் தடுக்கிறது!

வெளிநாட்டில் இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானம் இரண்டரைக் கோடி டாலருக்குக் கீழே உள்ள கம்பெனிக்கு இந்த மாதிரி வரி கிடையாது. கனடாவிலும் நியூசிலாந்திலும் அவரவர் நாட்டு டாலரில் ஒரு கோடிதான் எல்லை. அதுக்கு மேலே சம்பாதிப்பவன் கட்டணும்.

இது நமக்குப் புது விஷயமா? ரெண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, அஞ்சு ஏக்கர் வரை சிறு விவசாயி என்று தாசில்தாரிடம் சான்று வாங்குகிறோம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மற்றவருக்குக் குறைவு. அதே நியாயம்தான் இதுவும். சின்னவரை விட்டால் நிதி வற்றிப்போகும் என்று பயப்பட வேண்டாம். நாட்டின் போன் வருமானத்தில் பெரும்பகுதி நாலைந்து கம்பெனிகளிடம்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வரம்பு வைத்தால் அதைத் தாண்டிக் குதிக்கப் பெரியவன் வழி தேடுவான். 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15 ஏக்கர் என்று எல்லை போட்டபோது, நிலத்தைப் பினாமி பேரில் பிரித்து எழுதிய கதை நமக்குத் தெரியாததா? பெரிய கம்பெனி நாளைக்குப் பத்துக் குட்டிக் கம்பெனி தொடங்கும். ஆகவே ஒரே முதலாளியின் எல்லாக் கம்பெனி வருமானத்தையும் கூட்டித்தான் வரம்பு பார்க்கணும்.

2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகப் பேசினார். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் குடவோலைக் கல்வெட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்தக் கணக்கைத்தான் இப்போதும் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. பெரிய கம்பெனிகளிடம் 5 சதவீத வசூலை நிறுத்தாதே! குறைக்காதே!

2. மாவட்ட அளவில் தொழில் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு வருமான வரம்பு வைத்து விலக்குக் கொடு! விலக்கு வாங்கியவர் கிராமத்துக்கு லைன் கொடுப்பதைக் கட்டாயமாக்கு!

3. வசூலான பணம் முழுவதையும் அந்தந்த ஆண்டே நிதிக்கு மாற்று!

4. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு செலவு, லைன் வேலை செய்கிறதா என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வை!

2023 சட்டம் வந்து பழைய லைசென்ஸ் முறையே மாறுகிற காலம் இது. இப்போ கேட்காமல் விட்டால் இன்னொரு இருபது வருஷம் கேட்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கிராம சபையிலேயே இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். நம்ம தொகுதி எம்.பி.க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.

காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை! கிராம சபைக்குத் திரண்டு வாரீர்!