போருக்குள் வளர்ந்தோர் பெற்றோராகும் போது

இரைச்சலைக் கேட்டதுமே வருவது சியாமாச்செட்டியா, புக்காராவா, கிபிரா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்தனர். அத்திறமையைப் பெரியவர்களாகிய நாம் வியந்து பேசியதும் உண்டு. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களிற் கணிசமானோர் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பிள்ளை வளர்க்கின்றனர். ஆதலால் போரும் சிறுவரும் என்ற விடயத்தை முடிந்துபோன கதையாக நாம் கருதிவிட இயலாது.

ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வன்னிப் பாடசாலை மாணவரிடையே நடத்திய ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. குண்டுவீச்சு, செல்வீச்சு, உறவினரின் சாவு போன்ற கொடிய அனுபவங்களுக்கு 92 வீதமானோர் முகங்கொடுத்திருந்தனர். நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் 25 வீதமானோரிடம் காணப்பட்டது. நால்வரில் ஒருவர் என்பது பாரதூரமான தொகையே. எனினும் எமது சிந்தனைக்குரியது மற்றொரு கேள்வி: அதே பதுங்குகுழிக்குள் இருந்த ஏனைய மூவரைத் தாங்கி நின்றது எது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டனின் ஹாம்ஸ்ரெட் பகுதியில் சிறுவர் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்ஹாம் ஆகியோர் இதற்கு ஒரு விடை கண்டனர். தாயின் அருகே இருந்து குண்டுவீச்சைக் கண்ட குழந்தையைக் காட்டிலும், பாதுகாப்புக்கென்று தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட குழந்தையே அதிகம் குலைந்துபோயிற்று என்பது அவர்களது அவதானம். இதை வாசிக்கையில் எமக்கு மனம் உறுத்துகின்றது. காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை விற்று, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களைத் தனியே ஏஜென்சிக்காரரிடம் ஒப்படைத்தவர்கள் எம்மவர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, உயிரும் தப்பியது. ஆயினும் அப்பையன்கள் கொடுத்த விலையை எவரும் கணக்கில் எடுத்ததில்லை.

பெற்றோருக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளைத் தாங்கியது பள்ளிக்கூடம். 1995 செப்டெம்பர் 22இல் நாகர்கோவிற் பாடசாலை மீது குண்டு விழுந்து மாணவர் பலர் மாண்டனர். அடுத்த மாத இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. அப்போதும் மர நிழல்களிற் பள்ளிக்கூடங்கள் நடந்தன. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 2009 ஓகஸ்டில், முட்கம்பி முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியோரும் உளர். யாழ்ப்பாணத்தாரின் பரீட்சை மோகத்தைக் கேலி செய்வோர் உண்டு, நாமும் செய்திருக்கிறோம். ஆனால் நாளைக்கு ஒரு பாடம் உண்டு என்ற நிச்சயம், வேறெந்த நிச்சயமும் அற்ற பிள்ளைக்கு ஊன்றுகோலாயிற்று.

வீட்டினுள் நிகழ்வது வேறு கதை. 2004 டிசெம்பர் கடற்கோளை அடுத்து வடக்குக் கிழக்கில் 296 தமிழ் மாணவரிடையே அதே ஆய்வாளர்கள் விசாரித்தபோது, போரும் கடற்கோளும் மட்டுமன்றி, வீட்டில் வாங்கிய அடியும் பிள்ளைகளின் மனநிலையைத் தனியாகப் பாதித்திருந்தமை தெரிந்தது. தகப்பனின் குடியும் பிள்ளை கண்ட போரும் கூடிய வீடுகளில் அடியும் கூடியிருந்தது. இதனைப் பேச எமது சமூகம் கூசுகின்றது. எதிரியின் குண்டைப் பற்றி மேடையில் முழங்கும் நாம் இடுப்புப் பட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை. போர் இல்லாத நாட்டிலும் போர் தொடரக்கூடிய வாசல் அதுவே. பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என எழுதியதும் இதனையொட்டியதே: காயம் தனியாளில் நின்றுவிடாது, குடும்பத்தையும் ஊரையும் பற்றும்.

பரிகாரம் இல்லாமலில்லை. கடற்கோளின் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைத் தம் வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லவைத்தனர். மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளித்தனர். ஆறே அமர்வுகள், நடத்தியோர் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறினர்.

கதையை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்வது அகதிகளுக்குப் புதிதன்று. திகதி, இடம், கைதுசெய்த படைப்பிரிவு என ஒன்றும் விடாது நாம் அதனைச் சொல்லியிருக்கிறோம், குடிவரவு அதிகாரிக்கு, மொழிபெயர்ப்பாளர் மூலமாக. அக்கோப்பு ஏதோ ஓர் அலுவலக அலுமாரியில் இருக்கின்றது. ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று வீட்டில் மகள் கேட்டால், அங்கே பிரச்சினை என்ற இரண்டு சொற்களுடன் பேச்சை முடித்துத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பும் தகப்பன்மாரே எம்மிடையே அதிகம்.