புகழும் பழக்கமும்: ஒரு மடக்குக்கத்தியை முன்வைத்து

எல்லோரும் புகழும் ஒரு பொருள் நம் கையில் மட்டும் ஒட்டாமல் போகும்போது நாம் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறோம். வெறும் விளம்பரத்தால் வளர்ந்தது என்று அதை ஒதுக்கிவிடுகிறோம்; அல்லது நமக்குத்தான் அதை அனுபவிக்கும் தகுதியில்லை என்று உள்ளுக்குள் கூசி, வெளியே பிறரோடு சேர்ந்து புகழத் தொடங்குகிறோம். இலக்கிய வாசகர்களுக்கு இவ்விரு நிலைகளும் நன்கு அறிமுகமானவை. இரண்டுமே சரியல்ல என்பது என் எண்ணம். இதை ஒரு புத்தகத்தை வைத்துச் சொன்னால் உடனே கட்சி பிரிந்துவிடும். ஆகவே கட்சியே இல்லாத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: சட்டைப் பையில் வைக்கும் மடக்குக்கத்தி.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் பணியாற்றும் நண்பர் ஒருவர் சுவிஸ் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சிவப்புப் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை. "ஒரு மாதம் பையில் வைத்துப் பாருங்கள் சார், அப்புறம் அது இல்லாமல் வீட்டுப்படி இறங்கமாட்டீர்கள்" என்றார். நான் ஓராண்டு வைத்திருந்தேன். கத்தியில் குறை என்று ஒன்றுமில்லை. விரித்தால் அசையாமல் நிற்கிறது, மடித்தால் அடங்குகிறது, கூர் மழுங்கவில்லை. ஆனால் தேவை வந்தபோதெல்லாம் கை அதைத் தேடவில்லை. தபால் உறையை விரலால் கிழித்தேன். விடைத்தாள் கட்டின் சணலை வண்டிச் சாவியால் நெம்பி அறுத்த பிறகே பையில் ஒரு கத்தி இருப்பது நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜையன்று புத்தகங்களையும் பேனாவையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தபோது அந்தக் கத்தியையும் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வேலை செய்த கருவிக்குத்தானே பூஜை?

இந்தக் கத்தி ஏன் இவ்வளவு புகழப்படுகிறது என்று அறிய அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்ல் எல்ஸனர் 1884 இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891 இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் படைவீரர் கத்திகளை வழங்கினார். அன்று அதில் இருந்தவை நான்கே உறுப்புகள்: ஓர் அலகு, ஒரு துளையூசி, தகர டப்பா திறப்பான், திருப்புளி. டப்பாவில் அடைத்த உணவை உண்ணத் திறப்பான் வேண்டும். ராணுவத்துக்குப் புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் திருப்புளி வேண்டும். 1897 இல் அதிகாரிகளை மனத்தில் வைத்து இன்னும் இலகுவான ஒரு கத்தியை அவர் உரிமைப்பதிவு செய்தபோது, சிறிய இரண்டாம் அலகும் தக்கைத் திருகியும் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் அதை நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றார்கள். அதன் ஜெர்மன் பெயர் நாவில் நுழையாமல் அவர்கள் அழைத்த 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்ற பெயரே உலகெங்கும் நிலைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகச் சேகரிப்பிலும் அது இடம்பெற்றது. 2001 க்குப் பிறகு விமானங்களில் கத்திகள் தடைசெய்யப்பட்டதால் விற்பனை சரிந்தது. 2024 இல் அந்நிறுவனம் அலகே இல்லாத கைக்கருவிகளை உருவாக்கி வருவதாக அறிவித்தது. கத்தியிலிருந்து கத்தியையே எடுத்துவிடும் அளவுக்கு, மாறும் வேலைக்குத் தக்கபடி அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு உறுப்புக்கும் முன்னால் ஒரு வேலை இருந்தது. வேலை முதலில் வந்தது, கருவி அதன்பின் வந்தது, புகழ் கடைசியில் வந்து சேர்ந்தது. எனக்கோ அது தலைகீழாக வந்தது: புகழ் முதலில், கருவி அடுத்து, வேலையைக் காணோம். தக்கையடைத்த மது பாட்டில் என் வீட்டு விருந்தில் இல்லை. திருவண்ணாமலையில் கழித்த அந்த ஓராண்டில் தக்கைத் திருகியை வேடிக்கைக்கு அன்றி நான் விரிக்கவே நேரவில்லை.

வேலை மட்டுமல்ல, உடலின் பயிற்சியும் வேறு. நம் வீடுகளில் வெட்டுதல் என்பதை அரிவாள்மனையே கற்றுத் தந்தது. அதில் அலகு பலகையோடு நிலையாக நிற்கிறது, காய்தான் நகர்கிறது. இரு கைகளும் காயைப் பற்றி அலகை நோக்கிச் செலுத்துகின்றன. பலகையைக் காலோ தொடையோ அழுத்திக்கொள்கிறது. வங்காளத்தின் போட்டி, மராத்தியரின் விளி, கன்னடரின் ஈளிகெமணெ எல்லாம் இதே இனம். பல அரிவாள்மனைகளின் நுனியில் தேங்காய் துருவும் பல்லும் இருப்பதால் பல்கருவி என்ற எண்ணமும் நமக்குப் புதிதன்று. மேடைச் சமையலறை வந்து, நின்றபடி நறுக்கும் பழக்கம் பரவிய பிறகு அது மூலைக்குப் போனது. ஆயினும் எங்கள் தலைமுறை அம்மாவின் எதிரில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற அசைவு அதுதான். மடக்குக்கத்தியில் பொருள் நிற்கிறது, அலகு நகர்கிறது. இது அறிவால் அறியக்கூடிய வேறுபாடு அன்று. மணிக்கட்டு அறிகிற வேறுபாடு.

மடித்து எடுத்துச் செல்லும் கத்தியே தமிழர்க்கு அந்நியம் என்று சொல்ல வருகிறேன் என யாரும் எண்ண வேண்டாம். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை இடுப்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெற்றிலைப் பைக்குள் பாக்குவெட்டி மடங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் படித்தவர்களின் மடக்குக்கத்தி ஒன்று இருந்தது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகைகள் உண்டு. வாரெழுத்தாணியின் ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஓலையை வாரும் கத்தி. மடக்கெழுத்தாணியில் அவ்வூசியும் கத்தியும் பிடிக்குள் மடங்கி அடங்கிவிடும்.

இதனோடு 'பேனாக்கத்தி' என்னும் சொல்லை வைத்துப் பாருங்கள். போர்த்துக்கீசிய மொழியில் பேனா என்பது இறகையும் குறிக்கும். இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஐரோப்பியர் வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. அவர்களுடைய கத்தி எழுதும் கருவியைச் சீர்செய்தது; நம்முடையது எழுதப்படும் ஓலையைச் சீர்செய்தது. இரண்டும் எழுதுகிறவரின் இடுப்பிலும் பையிலும் வாழ்ந்தவை, இரண்டும் நெருக்கமானவை. ஆனால் ஒன்றின் நெருக்கத்தை மற்றொன்றுக்கு மாற்றித் தர முடியாது. ஓலை போனபின் மடக்கெழுத்தாணியும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதைக் கண்ணாடிக்குப் பின்னே பார்த்து நான் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் அதுவும் என் கைக்கு ஒட்டாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. நம்முடையது என்பதனாலேயே ஒரு பொருள் பழகிவிடுவதில்லை.

பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எத்தனையோ கத்திகளைப் பார்க்கலாம். வெள்ளரிப் பிஞ்சு விற்கும் ஓர் அம்மாளின் கையிலிருந்த கத்தியைச் சற்றுநேரம் நின்று கவனித்திருக்கிறேன். இரும்பறுக்கும் ரம்பத்தின் உடைந்த தகட்டைத் தேய்த்துச் செய்தது. பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. பிஞ்சை உள்ளங்கையில் நிறுத்தி நான்காகப் பிளந்து, அடிப்பகுதி பிரியாமல் விட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார். அவர் பார்வை சில்லறையின் மேல் இருக்கிறது, கத்தியின் மேல் இல்லை. அந்தக் கத்தியை எந்த அருங்காட்சியகமும் கேட்காது. ஆனால் ஒட்டுறவு என்று நான் சொல்வது அதைத்தான்: கருவியை மறந்துவிடும் அளவுக்கு அதனோடு வேலை செய்திருப்பது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே புறநானூற்றின் 95 ஆம் பாடல் நினைவுக்கு வரும். தகடூர் அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்திருந்த ஆயுதங்களைப் பார்க்கிறார். தன் தலைவனுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று சொல்லிவைக்கிறார். அலங்கரிக்கப்பட்ட கருவிக்கும் தேய்ந்த கருவிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு நாசூக்காகச் சொன்னவர் வேறொருவர் இல்லை. தகடூர் இன்றைய தருமபுரி. அங்கிருந்து காஞ்சிக்கு ஒரு கோடு இழுத்தால் எங்கள் ஊர் அதன் அருகில்தான் வரும். அவ்வழியில் வசிப்பவனுக்கு அப்பாடல் சற்றுக் கூடுதல் உரிமையுடையதாகத் தோன்றுகிறது.

வகுப்பறையில் நான் நாள்தோறும் காண்பதும் தொண்டைமானின் கொட்டிலே. ஒரு காப்பியத்தின் சிறப்பை எழுதச் சொன்னால் மாணவர்கள் இரண்டு பக்கம் தயங்காமல் எழுதுவார்கள். அதில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. புகழுரையை மதிப்பெண்ணாக மாற்றித் தருவது எங்கள் தேர்வுமுறைதான். ஆனால் இதில் இழப்பு பெரிது. பிடிக்காததைப் பிடித்ததுபோல எழுதிப் பழகும் இருபது வயது மாணவனுக்கு, உண்மையாகவே ஒன்று பிடிக்கும் நாளில் அதை அடையாளம் காணத் தெரியாமல் போய்விடுகிறது. 'எனக்கு ஒட்டவில்லை' என்று சொல்ல அனுமதிக்கப்பட்டவனே பிறிதொரு நாளில் 'இது என்னுடையது' என்று சொல்ல முடியும்.

அந்த அனுமதியோடு ஒரு கடமையும் உண்டு. ஒட்டவில்லை என்று சொல்கிறவர், அது எந்த வேலைக்காக, எவர் கைக்காகப் பிறந்தது என்றும் கேட்டறிய வேண்டும். அதைச் செய்யாமல் 'இதில் ஒன்றுமில்லை' என்பது சோம்பல். நண்பர் தந்த கத்தி இப்போது கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலை செய்யும் என் அக்காள் மகனிடம் இருக்கிறது. "உங்ககிட்ட சும்மாதானே இருக்கு மாமா" என்று கேட்டு வாங்கிப்போனான். பாட்டில் திறப்பானின் அடியில் மின்கம்பியின் உறையை உரிக்க ஒரு சிறு பள்ளம் இருப்பதை எடுத்த எடுப்பிலேயே கண்டுகொண்டான். ஓராண்டு என் பையில் இருந்தும் என் கண்ணில் படாத பள்ளம் அது.

கத்தி மாறவில்லை, புகழும் மாறவில்லை. வேலையுள்ள கை கிடைத்தது, அவ்வளவே. ஆகவே, புகழ்பெற்ற ஒரு நூலின் முன் மனம் அசையாமல் நிற்கும் நண்பர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை; அந்த நூலை இழிவாகப் பேச வேண்டியதும் இல்லை. அதற்குரிய வேலை நம் வாழ்வில் இன்னும் வரவில்லை என்று கொள்ளலாம். வரும்வரை அது வேறொருவர் கையில் நன்றாக இருக்கட்டும்.