திருடனைத் தடுக்காத பூட்டு

இணையத்தில் படம் போடுகிற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, அதாவது படைப்பைப் பிறர் இலவசமாகப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமங்களில் ஒன்றை, தேர்ந்துகொள்ள வேண்டுமாம். அதைவிடத் தாராளமாகத் தருகிறவர்கள் நிறுவனங்களுக்குக் கூலியில்லாமல் உழைக்கும் ஏமாளிகளாம். இப்படித் தீர்ப்பெழுதியிருக்கும் கட்டுரையாளர், கண்ணை மூடிக்கொள்ளும் பகுதியை மட்டும் தானே ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

‘அந்த ஒரு சொல் போதும், எந்த நிறுவனமும் கிட்டே வராது’ என்கிறார். ஜெர்மனியில் வந்தது. படப்பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரில் ஒருவர் இதே உரிமத்தில் வைத்திருந்த படத்தை டாய்ச்லாண்ட்ரேடியோ என்ற பொது வானொலி தன் தளத்தில் எடுத்துப் போட்டது. தனிப்பட்ட பயன்பாடு தவிர மற்றதெல்லாம் வணிகமே என்று 2014 மார்ச்சில் கோல்ன் நகர நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த வாசகத்துக்கு அப்படியொரு குறுகிய பொருள் கொள்ள முடியாதாம். வானொலி சிக்கியது வேறோர் இடத்தில். படத்தை வெட்டிச் சிறிதாக்கியபோது ஓரத்திலிருந்த படப்பிடிப்பாளரின் பெயரும் போய்விட்டது. ‘பேரைப் போட்டால் வயிறு நிறையுமா’ என்று கட்டுரையாளர் கிண்டலடிக்கிறாரே, அந்தப் பெயர்தான் வழக்கில் நின்றது. ஆனால் இழப்பீடு கிடைக்கவில்லை. இலவசமாகத் தந்த உரிமத்துக்கு விலை சுழியம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கிரேட் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் இந்த நிபந்தனையோடு பாடநூல்களை வெளியிட்டது. பள்ளிகளுக்காக ஃபெடெக்ஸ் கடைகள் காசு வாங்கிக்கொண்டு அவற்றை நகலெடுத்தன. அதில் மீறல் இல்லை என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பூட்டு தொங்குகிறது, கதவு திறந்துதான் இருக்கிறது.

சரி, யாரைத்தான் இது தடுக்கிறது? உரிமத்தைப் படித்துப் பார்த்துப் பயப்படுகிறவர்களை. விக்கிப்பீடியாவுக்குப் படங்களைத் தரும் விக்கிமீடியா பொதுவகம் வணிகத் தடை கொண்ட படத்தை ஏற்காது. எனவே உங்கள் ஊர்க் கோயிலின் படம் விக்கிப்பீடியா கட்டுரைக்குப் போகாது. இரண்டு விளம்பரம் போட்டு அச்சுச் செலவைச் சமாளிக்கும் சிற்றிதழ்க்காரர், ‘இது வணிகமா?’ என்று யோசித்து ஒதுங்கிவிடுவார். படத்தை வெட்டி, தன் முத்திரையைக் குத்திப் பரப்புகிறவன் உரிமத்தைப் படித்ததே இல்லை.

2014இல் ஃப்ளிக்கர், தாராள உரிமத்தில் இருந்த பிறர் படங்களைக் கித்தானில் அச்சிட்டு விற்றதைக் கட்டுரையாளர் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார். வணிகத் தடை இருந்திருந்தால் அந்தப் படங்கள் அங்கே போயிருக்காது, உண்மை. ஆனால் எதிர்ப்புக்குப் பணிந்து அதே ஆண்டு டிசம்பரில் ஃப்ளிக்கர் பின்வாங்கியதை ஏன் விழுங்கிவிட்டார்? பிறர் விற்பது உறுத்துமென்றால் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று வைத்துக்கொள்ளலாமே. அதற்கு எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸும் வேண்டாம்.

ஏமாளி என்பதும் அறியாமை. உரிமம் தந்ததால் பதிப்புரிமை கைவிட்டுப் போவதில்லை. ‘அதே நிபந்தனையில் பகிர்க’ (மாற்றிப் பயன்படுத்துகிறவரும் தன் ஆக்கத்தை இதே உரிமத்தில் வெளியிட வேண்டும்) என்று ஒரு படத்தைப் பொதுவில் வைத்துவிட்டு, அந்த நிபந்தனை ஒத்துவராத பதிப்பகத்துக்கு அதையே காசுக்கும் தரலாம். (இந்த நிபந்தனையும் கோட்டையல்ல. 2015இல் அமெரிக்காவில், ஒரு நிலப்படத் தொகுப்பின் அட்டையில் வந்த படத்துக்காக நூல் முழுவதையும் அது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று.)

இவற்றையெல்லாம் மன்னித்தாலும் கடைசி வரியை மன்னிக்க முடியாது: ‘பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்.’ மாற்ற முடியாது ஐயா. இந்த உரிமங்கள் திரும்பப் பெற முடியாதவை என்று அவற்றின் வாசகத்திலேயே இருக்கிறது. நீங்கள் படத்தை நீக்கலாம். அதற்குள் எடுத்தவர், நிபந்தனையை மீறாதவரை, அதே உரிமத்தில் தொடர்ந்து பயன்படுத்தலாம். கட்டுரையாளர் வேண்டுமானால் அடுத்த இதழில் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். அவர் பேச்சைக் கேட்டு உரிமம் கொடுத்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.