மஞ்சள் பேனா, சிவப்புப் பேனா

புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குப் பயிற்சி நாட்களிலேயே ஒரு கேள்வித்தாள் கொடுக்கும் வழக்கம் நம் நிறுவனங்களில் பரவிவிட்டது. நாலு பேரோடு இருந்தால் தெம்பு வருமா, தனியே இருந்தால் தெம்பு வருமா? விவரங்களை நம்புவீர்களா, உள்ளுணர்வையா? வேலையை முன்கூட்டியே முடிப்பீர்களா, கடைசி நாளிலா? பதில்களைக் கூட்டினால் நான்கு எழுத்தில் ஒரு குறி கிடைக்கும். மொத்தம் 16 வகை, அதில் நீங்கள் ஒன்று. சில இடங்களில் எச்.ஆர். துறை அதைப் பணிக்கோப்பிலும் ஏற்றிவிடுகிறது.

மையர்ஸ்-பிரிக்ஸ் எனப்படும் இந்த முறையின் வேர், கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலில் இருக்கிறது. அதைக் கேள்வித்தாளாக்கியவர்கள் அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும். இருவரும் முறைப்படி உளவியல் பயின்றவர்கள் அல்லர். அவரவர் இயல்புக்கேற்ற வேலை கிடைத்தால் மனிதர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற நல்லெண்ணத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இசபெல் இதை உருவாக்கத் தொடங்கினார். அவருடைய தந்தை லைமன் பிரிக்ஸ் இயற்பியலாளர். எடைக்கும் அளவுக்கும் அமெரிக்காவில் தரம் வகுத்துத் தரும் தேசிய நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த கருவி அளவீட்டில்தான் பலவீனமாக இருக்கிறது. ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதினால் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போய்விடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலானவர்கள் இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்பவர்கள். நடுவில் கோடு போட்டுப் பிரித்தால், ஓரிரு பதில்கள் மாறினாலே ஆள் கோட்டைத் தாண்டிவிடுவார். வெர்னியர் காலிப்பர் இன்று ஓர் அளவும் அடுத்த மாதம் வேறோர் அளவும் காட்டினால் அதைக் காலிபரேஷனுக்கு அனுப்பிவிடுவோம். மனிதர்களை அளக்கும்போது மட்டும் அந்தக் கண்டிப்பு ஏன் தளர்கிறது?

நம் ஊரில் இதோடு இன்னொரு கோளாறும் சேர்கிறது. என் கவலை முக்கியமாக அதைப் பற்றித்தான். கோவில்பட்டிப் பக்கமிருந்து தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிற பெண் அலுவலகக் கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார். கேள்வித்தாளிலும் கூட்டத்தில் பேசத் தயக்கம் என்றுதான் குறிப்பார். உள்முக வகை என்று முடிவு வரும். டீம் லீட் அக்கறையோடுதான் சொல்வார்: “நீ கொஞ்சம் ரிசர்வ்டு டைப்மா. கிளையன்ட் கால்லாம் உனக்கு வேண்டாம், நான் பாத்துக்கறேன்.” இப்படிப்பட்ட பெண்கள் கேன்டீனில் ஒரு மேசையையே கலகலப்பாக்குவதைப் பார்த்திருக்கிறேன். சைட்டில் கம்பி கட்டும் மேஸ்திரியிடம் நின்று, ஸ்டிரப் என்கிற வளையக் கம்பிகளின் இடைவெளியைக் குறைத்தே ஆகவேண்டும் என்று வாதாடி ஜெயிப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயைக் கட்டியது ஆங்கிலம். அந்தத் தயக்கம் பழகப் பழகப் போய்விடக்கூடியது. அதற்கு ஆளுமை என்று பெயர் வைத்துவிட்டாலோ, போக்குவதற்கு யாரும் முயலமாட்டார்கள். பின்னால் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது, கிளையன்ட் அனுபவம் இல்லை என்று அவர் பெயர் விடுபட்டுப்போகும்.

அதற்காக வகைகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டர் இதே கேள்வித்தாளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்து, பல பருவங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார். சில வகையினர் பாடங்களில் முந்தினார்கள், சிலர் பிந்தினார்கள். பிந்தியவர்கள் பொறியியலுக்கு லாயக்கில்லை என்று அவர் முடிவுகட்டவில்லை. கோட்பாட்டோடு கைக்கெட்டும் உதாரணத்தையும், தனியாக யோசிப்பதோடு குழுவாகச் செய்வதையும் சேர்த்துப் பாடம் நடத்துங்கள் என்று ஆசிரியர்களிடம் வாதிட்டார். சொல்லித்தருபவர் தன் முறையை மாற்றிக்கொள்ள உதவுமானால் வகை நல்லதுதான். எழுதிக் கொடுத்தால் யோசித்துப் பதில் சொல்வாரா, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் பிடிபடுமா என்று ஒரு லீட் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேள்வித்தாள் இல்லாமல் வாய்விட்டுக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

எப்படிச் சொல்வது என்பதோடு, எதைப் பற்றிச் சொல்வது என்பதும் இருக்கிறது. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டினிசி என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஃபீட்பேக் ஆய்வுகளிலிருந்து 600க்கும் மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியில் ஃபீட்பேக் உதவியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில், ஃபீட்பேக் வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையைவிட்டு ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்ற பக்கம் திரும்பத் திரும்பப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் அப்ரைசல் அறைகளில் நடப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பம்தான். “இன்னும் ப்ரோ-ஆக்டிவா இருக்கணும்ப்பா”, “ஓனர்ஷிப் பத்தல.” இதைக் கேட்டு வெளியே வருகிற பையன் மறுநாள் காலை எதை மாற்றுவான்?

இத்தனைக்கும் பொறியாளர்களிடம் அருமையான ஃபீட்பேக் மரபு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. டிராயிங்கின் ஓரக் கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேருக்கு இடமிருக்கும். சரிபார்ப்பவர் அச்செடுத்த தாளில் ஒவ்வோர் அளவாகப் பார்த்துக்கொண்டே போவார். பல அலுவலகங்களில் சரியானதற்கு மஞ்சள், திருத்த வேண்டியதற்குச் சிவப்பு. நான் தொழில் கற்றது அப்படிப்பட்ட தாள்களில்தான். எனக்குச் சொல்லித்தந்த சீனியர் சிவப்பில் எழுதும்போது விதியையும் பக்கத்திலேயே குறிப்பார்: ஐ.எஸ். 13920, தூண் முகத்தருகே ஸ்டிரப் இன்னும் நெருக்கமாக வேண்டும். தவறு எங்கே, ஏன், என்ன செய்ய வேண்டும் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிடும். நான் கூச்சக்காரனா, வாயாடியா என்பதற்கு அதில் வேலையே இல்லை. தாளில் மஞ்சள் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கும்போது, எதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். சாஃப்ட்வேர்க்காரர்களின் கோட் ரிவ்யூவும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அங்கே பெரும்பாலும் சிவப்பு மட்டுமே எழுதப்படுகிறது. அது பெரிய இழப்பு.

டீம் லீடாக இருப்பவர்கள் அடுத்த அப்ரைசலுக்குப் போகும்போது, ஜூனியர் செய்த வேலை ஒன்றையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதை நடுவில் வைத்துப் பேசுங்கள். தமிழில் பேசினால் அவர் மனம் திறப்பார் என்றால் தமிழிலேயே பேசுங்கள். அடுத்த கிளையன்ட் கூட்டத்தில் அவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, முந்தின நாள் கூட உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். எச்.ஆர். துறையினர் அந்த நான்கு எழுத்துகளைக் கோப்பில் ஏற்ற வேண்டாம். பயிற்சி முடிந்ததும் தாளை எழுதியவரிடமே கொடுத்துவிடுங்கள்.