விரல் அறிந்த தமிழைத் திரையும் அறிக!

கருவியைத் தன் கைக்கேற்பத் திருத்திக்கொள்பவன் அக்கருவிக்கு உடையவன். தன் கையைக் கருவிக்கேற்ப வளைத்துக்கொள்பவன் அதற்குக் கூலியாள். மண்வெட்டிக்குக் காம்பு போடும் உழவன் இதனை நன்கறிவான். தன் உயரத்திற்கும் பிடிக்கும் ஏற்றவாறு செதுக்கிச் செதுக்கிப் பார்த்த பிறகே அவன் அதை மண்ணில் இறக்குவான். ஆனால் அவ்வுழவனின் மகள் கைக்கு மடிக்கணினி வரும்போது நிகழ்வதென்ன? தொழிற்சாலையில் எவ்வாறு அமைத்து விட்டார்களோ அவ்வாறே அது இறுதிவரை கிடக்கிறது. அதன் தொடுபலகையைத் தன் விரலுக்கேற்பத் திருத்தியமைக்க முடியும் என்பதே பலர்க்குத் தெரியாது. அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். திருத்தியமைக்கும் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் அது பூட்டிய கதவாகவே இருந்துவிடுகிறது.

அயன்மொழி வணிகத்தோடு வந்து வாயில் குடியேறும் என்பதற்குப் போடிநாயக்கனூரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அங்கு 'ஏலம்' என்னும் ஒலிக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, மேற்கு மலையின் மண்ணுக்கே உரிய நறுங்காய். அது தமிழின் பழஞ்சொல். மற்றொன்று, அந்தக் காயை விலை கேட்டு விற்கும் முறை. அது போர்த்துகீசியரோடு கரையிறங்கிய சொல். ஏலத்தை ஏலம் விடும் ஊரில் எது நம் சொல், எது வந்த சொல் என்று இன்று பிரித்தறிவார் எத்தனை பேர்?

அந்த விற்பனை முறையே இப்போது மாறிவிட்டது. வாய்விட்டுக் கூவி விலை கேட்ட நாள் கழிந்தது. 2007இல் மின்வழி விற்பனை போடிக்கு வந்தது. போடியிலிருக்கும் வணிகரும் கேரள எல்லைக்குள் புற்றடியிலிருக்கும் வணிகரும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் இணையவழி முறையை 2021இல் நறுமணப்பொருள் வாரியம் கொண்டுவந்தது. வாய் செய்த வேலையை இன்று விரல் செய்கிறது. மலையில் விளைந்த காயின் விலை திரையில் முடிவாகும் நாளில், திரையை ஆளத் தெரியாதவன் தன் விளைச்சலின் விலையையும் பிறர் வாயாற் கேட்டறியும் நிலைக்கே தள்ளப்படுவான். ஆகவே தொடுபலகை சிறு செய்தியன்று.

தொடுபலகை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிக. 1994இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் 500 வரிசை மடிக்கணினிகளில் இது உள்ளமைந்து வந்தது. பின்னர் எல்லா நிறுவனங்களும் மேற்கொண்டன. பலகையின் அடியில் நெடுக்கும் குறுக்குமாக மின்கம்பிப் பின்னல் உண்டு. மாந்த உடல் மின்னைக் கடத்தும் தன்மையது. விரல் அருகே வந்தவுடன் அவ்விடத்து மின்தேக்கம் சற்றே மாறுகிறது. அம்மாற்றம் எங்கே நிகழ்ந்தது, எப்பக்கம் நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டே கணினி திரையிலுள்ள சுட்டுக்குறியை நகர்த்துகிறது. விரல் அழுத்துவதை அன்று, விரலின் மின்தன்மையையே பலகை உணர்கிறது.

இதனால்தான் ஏலமலைச் சரிவில் அது முரண்டு பிடிக்கிறது. மழையும் மூடுபனியும் நீங்காத திங்கள்களில் விரலில் ஈரம் படிந்தால், நீர்த்துளியையும் விரலென்று மயங்கிச் சுட்டுக்குறி தாவித் திரிகிறது. காய் பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய விரலோ உலர்ந்து தடித்திருப்பதால், பலகை அதனைச் சில வேளை உணர்வதேயில்லை. உடனே, 'இது நமக்கு ஒத்து வராது' என்று உழைப்பாளி கையை எடுத்துக்கொள்கிறார். குற்றம் அவர் விரலிலன்று. மென்விரலை அளவாக வைத்து எங்கோ செய்யப்பட்ட அமைப்பைத் திருத்தாமல் விட்டதே குற்றம்.

திருத்துவது எளிது. முதலில் கையையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். விண்டோசு 10, 11 ஆகியவற்றில் அமைப்புகளுக்குள் தொடுபலகைப் பக்கம் உண்டு. அங்கே உணர்திறன் நான்கு படிகளாக இருக்கும். காய்ப்பேறிய விரலார் அதை மேற்படிக்கு உயர்த்துக. எழுதும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டுக்குறி தாவினால் தாழ்த்துக. மெல்லத் தட்டினாலே சொடுக்கு விழுவது தொல்லையானால் அதை அணைத்துவிட்டு, பலகையின் கீழ்ப்பகுதியை அழுத்திச் சொடுக்குக. சுட்டுக்குறியின் விரைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். இரு விரலால் உருட்டும்போது பக்கம் எதிர்ப்புறம் ஓடுவதாகத் தோன்றினால், உருட்டும் போக்கையும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவும் சில மணித்துளி வேலை. ஆனால் இந்தச் சில மணித்துளி வேலைக்கு முன்னால் அயன்மொழி நந்தியாக நிற்கிறது.

'கணினிக்குரிய சொல் தமிழில் ஏது?' என்பார் உளர். தொடு, தட்டு, தடவு, வருடு, நெருடு, சுண்டு, கிள்ளு, உருட்டு, இழு, தள்ளு, அழுத்து, பற்று என விரல் செய்யும் ஒவ்வொரு வினைக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழி இது. தரையையொட்டிப் படரும் ஏலச் சரத்தின் முன் குனிந்து, விளைந்த காயை மட்டும் தெரிந்து பறிக்கும் பெண்டிரின் நாவில் இச்சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. தொடுபலகைக்கு வேண்டுவன இவையே. இரு விரலைக் கூட்டினால் படம் சிறுக்கும், அது கிள்ளல். ஓரிடத்துப் பொருளைப் பற்றி ஓரிடத்திற் சேர்த்தால் அது இழுத்தல். சொல் நம்மிடம் குறைவின்றி இருக்கிறது. அதைத் திரையில் ஏற்றும் துணிவே குறைந்திருக்கிறது.

இன்னும் சிலர், 'ஆங்கிலம் பயின்றால்தானே வேலை கிடைக்கும்? திரை தமிழானால் பிள்ளை பின்தங்காதா?' என்று அஞ்சுகின்றனர். கருவியின் மொழி வேறு. கருவியால் எழுதும் மொழி வேறு. திரையின் பெயர்களும் கட்டளைகளும் தமிழில் இருக்க, அதே கணினியில் ஆங்கில மடலோ கணக்கோ தடையின்றி எழுதலாம். கருவியைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட பிள்ளை, பிறமொழி வேலையையும் அச்சமின்றிச் செய்யும்.

ஆனால் வாங்கும்போதே ஒரு சூழ்ச்சியை அறிந்திருத்தல் வேண்டும். விண்டோசில் 'ஒருமொழிப் பதிப்பு' என ஒன்று உண்டு. அதன் உரிமம் ஒரே காட்சிமொழிக்கு மட்டுமே இடங்கொடுக்கும். அது ஆங்கிலமாக அமைந்துவிட்டால், வாங்கியவர் விலையும் கொடுத்துத் தம் மொழியையும் கொடுத்தவர் ஆகிறார். ஆதலின் தமிழுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டறிந்த பிறகே பணத்தை எண்ணுக. இலினக்சு வழியில் குனோம், கேடியீ போன்ற கட்டற்ற திரைச்சூழல்களில் ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது தமிழாக்கம் செய்து வைத்துள்ளனர். அவற்றைப் பயன்படுத்துக, குறையிருப்பின் திருத்தித் தருக.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு ஈராண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இத்தனை பெரிய கொள்முதலைச் செய்பவர் கேட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்? திறந்தவுடன் முதலில் தோன்றும் மொழி தமிழாக இருத்தல் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை உள்ளமைந்திருத்தல் வேண்டும். தொடுபலகையைத் திருத்தும் முறையைச் சொல்லும் தமிழ்க் கையேடு உடனிருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. தமிழ்99 அமைப்பு 1999இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டதுதானே!

தனித்தமிழ் அன்பர்களும் தம் பங்கை உணர்தல் வேண்டும். மறைமலையடிகளார் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் எழுதுகோலைத் தூய்மை செய்தது. இன்றைய களம் திரை. அங்கே ஒருவர் தொடுபலகை என்கிறார். ஒருவர் தொடுதிண்டு என்கிறார். வேறொருவர் தொடுதட்டு என்கிறார். மூன்றும் நற்சொற்களே. ஆனால் மூன்று சொற்கள் தம்முள் மோதிக்கொண்டிருக்கையில், நான்காவதாக ஆங்கிலச் சொல் நடுவீட்டில் அமர்ந்துவிடுகிறது. ஒன்றைத் தெரிந்து எல்லாரும் வழங்குக. அகரமுதலியில் ஏறிய சொல் அரை வாழ்வே பெறுகிறது. உழைப்பவர் நாவில் ஏறிய சொல்லே முழு வாழ்வு பெறும்.

1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் போராடியும் கேரளத்தோடே நின்றன. போடியின் கீழ்ச்சரிவில் ஓர் ஆட்சி, மேலே மற்றோர் ஆட்சி. நாள்தோறும் விடியலில் போடிமெட்டு வழியே மலையேறி மாலையில் இறங்கும் தமிழுழைப்பாளரின் கால்கள் அந்தக் கோட்டைக் கடந்துகொண்டே இருக்கின்றன. அக்கோட்டை ஒரு விரலால் அழித்துவிட இயலாது. ஆனால் திரையின் மொழியை ஒரு விரலால் மாற்ற இயலும். அதற்கு எந்த ஆணையமும் கூட வேண்டியதில்லை. எந்த அரசின் ஒப்புதலும் வேண்டியதில்லை. தன் கையிலேயே இருக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளாதவன், பிறர் கையிலிருக்கும் உரிமையை எப்படிக் கேட்பான்?

இன்றே அமைப்பைத் திறக்க; மொழியைத் தமிழாக்குக; பலகையை விரலுக்கேற்பத் திருத்துக. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதைக் கற்பிக்க!